பிக்கட்டி மூடுபனியும் ஒரு விமானியின் முடிவும்: நீலகிரி வானத்தின் மறுபக்கம்

ஊட்டி என்றால் ஏரியும் தாவரவியல் பூங்காவும். குன்னூர் என்றால் சிம்ஸ் பூங்காவும் மலை ரயிலும். இதோடு நீலகிரியை முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். மாவட்டத்தின் குந்தா பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேருக்குத்தான் பிக்கட்டி தெரிந்திருக்கும்.

பிக்கட்டி ஒரு பேரூராட்சி. பெயர்தான் பேரூர். பார்த்தால் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் படுகர் ஹட்டிகள், அவற்றைச் சுற்றித் தேயிலை, தேயிலை விட்ட இடத்தில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். ஊட்டியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ மஞ்சூர் பக்கம் போகும் சாலையைப் பிடித்தால் இந்த உலகத்துக்குள் நுழைந்துவிடலாம். ஹோட்டல் வரிசை இல்லை, 'வியூ பாயின்ட்' டிக்கெட் கவுன்ட்டர் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, கண்ணாடி ஜாடியில் வர்க்கி, ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் காத்திருக்கும் ஜனங்கள். அவ்வளவுதான்.

இங்கே பார்க்க வேண்டியது மூடுபனிதான். பார்க்கவே விடாத ஒன்றைப் பார்ப்பது எப்படி என்று கேட்கலாம். காலை வெயிலில் எதிர்மலை பளிச்சென்று நிற்கும். தேயிலைச் செடிகளை வரிவரியாக எண்ணிவிடலாம். டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று ஏறி வரும். டீ ஆறுவதற்குள் எதிர்மலை இருக்காது. இன்னும் சற்று நேரத்தில் சாலையின் மறுபுறமும் இருக்காது.

காரணம் எளிமையானது. சமவெளியின் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது; குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி மேகமாகிறது. கீழே இருப்பவர்களுக்கு அது மேகம். மலையில் இருப்பவர்களுக்கு அதுவே மூடுபனி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று குந்தா, அவலாஞ்சி பக்கத்தை நனைக்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது இந்தக் காற்றின் கைங்கரியம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசை மாறும். அப்போது கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முறை.

யானை வந்தால் பஸ் நிற்கும்

இந்த மூடுபனியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதிய விதிகளும் உண்டு, எழுதாத விதிகளும் உண்டு. இறக்கத்தில் குறைந்த கியரில் வா, ஏறும் வண்டிக்கு வழி விடு, வளைவில் ஹாரன் அடி... இவையெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். எவ்வளவு பனி இருந்தால் வண்டியை ஓரம்கட்ட வேண்டும் என்பது எந்தப் பலகையிலும் இருக்காது. அது டிரைவரின் கணக்கு.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். கனடா நாட்டு உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் மின் நிலையங்கள் இருக்கும் காட்டுப் பாதை அது. அங்கே யானைக் கூட்டம் சாலையை மறித்து நிற்பதும், அரசு பஸ் மணிக்கணக்கில் காத்திருப்பதும் அடிக்கடி செய்தியாகும். 'பஸ் லேட்' என்று யாரும் டிரைவர்மேல் கோபப்படுவதில்லை. யானை கண்ணுக்குத் தெரிகிறதே!

வானத்தில் பறப்பவரின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் நிற்க முடியாது. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால், சுற்றிலும் வெள்ளையாகி, தரை கண்ணிலிருந்து மறைந்த பிறகு நிற்பதுகூடக் கடினம். தவிர, அவர் முன்னால் இருக்கும் 'யானை' கண்ணுக்குத் தெரிவதில்லை.

2021 டிசம்பர் 8, பகல் 12.08

பிக்கட்டி இருக்கும் அதே மாவட்டம். குன்னூருக்கு அருகே காட்டேரி பகுதியில் நஞ்சப்பசத்திரம் என்ற சிறிய குடியிருப்பு. அன்று காலை இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலரே. மாலைக்குள் உலகமே அதை உச்சரித்தது.

முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றுவதற்காக வந்துகொண்டிருந்தார். டெல்லியிலிருந்து சூலூர் வரை விமானம். சூலூரிலிருந்து விமானப் படையின் எம்.ஐ-17 வி-5 ஹெலிகாப்டர். 11.48-க்குப் புறப்பட்டது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடனான தொடர்பு அறுந்தது. நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்ன நேரக்கணக்கு இது. வந்துசேர இன்னும் ஏழே நிமிடங்கள் இருந்தன.

மலை ரயில் பாதையருகே நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் செல்போனில் எடுத்த அந்தச் சில நொடி வீடியோவைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் நுழைகிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு சத்தம் மாறுகிறது. வீடியோவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உள்ளே 14 பேர். ஜெனரல் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். நஞ்சப்பசத்திரம் மக்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எரிகிற ஹெலிகாப்டருக்கு அருகே போகக் கூடாது என்பதும் ஒரு பாதுகாப்பு விதிதான். அன்று அந்த ஜனங்கள் அதை நினைக்கவில்லை. பிறகு ராணுவம் அவர்களுக்கு நன்றி சொன்னது. ஊரையே ஓராண்டுக்குத் தத்தெடுத்து மருத்துவ முகாம்களுக்கு ஏற்பாடு செய்தது.

கண்ணால் பறப்பதும் கருவியால் பறப்பதும்

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள, விமானிகளின் இரண்டு விதிமுறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 'விஷுவல் ஃப்ளைட் ரூல்ஸ்'. தரையைக் கண்ணால் பார்த்து, மேகத்தைத் தவிர்த்துப் பறப்பது. மலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பறக்கின்றன. இன்னொன்று, 'இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளைட் ரூல்ஸ்'. வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கருவிகளை நம்பி, முன்பே வகுத்த பாதுகாப்பான உயரத்தில் பறப்பது.

ஆபத்து இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணால் பறந்துகொண்டிருப்பவர் எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்துவிடும் நேரம்தான் அது.

உட்காதில் இருக்கும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள்தான் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குச் சொல்கின்றன. கண் கூடவே இருந்து அதைச் சரிபார்க்கும். கண்ணை மறைத்துவிட்டால் காது பொய் சொல்லத் தொடங்கும். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும் விமானத்தில், சிறிது நேரத்துக்குப் பிறகு 'நேராகத்தான் போகிறோம்' என்று தோன்றும். நேராக நிமிர்த்தினால் 'கவிழ்கிறோமே' என்று உடம்பு அலறும். உடம்பு சொல்வதைக் கேட்டால் ஆபத்து. கருவி சொல்வதை நம்ப வேண்டும். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தை ஒரு நொடியில் உதறுவது சுலபமா என்ன?

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு விமானத்தைக் கையில் கொடுத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

சூலூரிலிருந்து வந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் அப்படிப்பட்ட கற்றுக்குட்டி அல்ல. விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான் அந்த ஹெலிகாப்டர் பிரிவுக்கே தலைவர். அதனால்தான் இந்த விபத்து விமானிகளை இன்றும் உலுக்குகிறது. அனுபவம் உட்காதைத் திருத்துவதில்லை.

ஏர் மார்ஷல் மன்வேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணைக் குழு, கறுப்புப் பெட்டிப் பதிவுகளை ஆராய்ந்தது. 2022 ஜனவரியில் விமானப் படை வெளியிட்ட முடிவு இது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது. கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே நிலத்தில் மோதியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் அதே விபத்துக்கு நேராக 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று இருந்தது. 'அப்போது அலட்சியம் இல்லை என்றார்களே, இப்போது மாற்றிவிட்டார்களா?' என்று சமூக வலைதளங்களில் பலர் கொதித்தார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. விமானத் துறையில் தவறு வேறு, அலட்சியம் வேறு, விதிமீறல் வேறு. வேண்டுமென்றே விதியை உடைப்பவரும், விதிப்படி நடந்து இயற்கையிடம் ஏமாறுபவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. நம் பேச்சு வழக்கில் 'தவறு' என்ற சொல்லிலேயே குற்றம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

விதி விட்டுக்கொடுத்த இடம்

அன்று ஹெலிகாப்டரிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர் குரூப் கேப்டன் வருண் சிங். ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15-ல் பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வெலிங்டன் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தவர். தளபதியை அழைத்துவரச் சூலூர் போயிருந்தார். ஹெலிகாப்டரில் அவர் பயணி மட்டுமே. ஆனால், 'விதியா, விவேகமா' என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு பெரிய அத்தியாயம் இருந்தது.

2020 அக்டோபர் 12. தேஜஸ் போர் விமானத்தில் பழுது நீக்கிய பிறகான சோதனைப் பறத்தல். அதிக உயரத்தில் காக்பிட்டின் காற்றழுத்த அமைப்பு செயலிழந்தது. கோளாறைக் கண்டுபிடித்து, கீழே இறங்கத் தொடங்கினார். இறங்கும்போது விமானக் கட்டுப்பாட்டு அமைப்பே கைவிட்டது. விமானம் மேலும் கீழுமாக வெறிபிடித்ததுபோல் ஆடியபடி உயரம் இழந்தது. ஒருவழியாக அடக்கினார். சுமார் 10,000 அடியில் மறுபடியும் அதே ஆட்டம்.

அந்த நிலையில் இருக்கையோடு வெளியே எகிறிக் குதிக்க விமானிக்கு முழு உரிமை உண்டு. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் குதிக்கவில்லை. விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். என்ன பழுது என்று கண்டுபிடித்து மற்ற தேஜஸ் விமானங்களையும் காக்க அது உதவியது. 2021 சுதந்திர தினத்தில் அவருக்கு சௌர்ய சக்ரா அறிவிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு 'விதியை விடத் துணிச்சல்தான் பெரிது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வருண் சிங் எந்த விதியையும் மீறவில்லை. விதி அவரிடம் முடிவை விட்டிருந்தது. அளந்து பார்த்து அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

உலகப் பயணிகள் விமானத் துறையிலும் இந்த இடம் உண்டு. 1944 சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில், விமானத்தின் தலைமை விமானி வான்வெளி விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று எழுதிய கையோடு, பாதுகாப்புக்கு முற்றிலும் அவசியமானால் விதியிலிருந்து விலகலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். விதியை எழுதியவர்களுக்கே, எல்லாச் சூழலையும் தங்களால் முன்கூட்டி ஊகிக்க முடியாது என்று தெரிந்திருக்கிறது.

2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்தபோது, கேப்டன் சல்லன்பெர்கரிடம் 'திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்குங்கள்' என்று கட்டுப்பாட்டு அறை வழி காட்டியது. அவர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். செயல்முறைப் பட்டியலில் மிகவும் பின்னால் வர வேண்டிய துணை மின் என்ஜினை அவர் முதலிலேயே இயக்கியதை விசாரணை அறிக்கை பாராட்டியது.

மலையின் மறுபக்கம் நடந்தது

மறுபக்கமும் இருக்கிறது. நீலகிரியிலிருந்து கேரளத்துக்குள் இறங்கினால் மலப்புரம் மாவட்டத்தில் கரிப்பூர். அங்கே ஒரு குன்றின் தலையைச் சீவியதுபோல் கோழிக்கோடு விமான நிலையம். 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில், துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒருமுறை இறங்க முயன்று, விதிப்படி மேலேறிவிட்டது. அதுவரை சரி. இரண்டாவது முறை எதிர்ப்பக்க ஓடுபாதையில், பின்காற்றில், தரை தொட வேண்டிய இடத்தைத் தாண்டிப் பாதி ஓடுபாதையைக் கடந்து இறங்கியது. துணை விமானி 'மேலே ஏறுங்கள்' என்று சொல்லியும் ஏறவில்லை. ஓடுபாதை முடிந்து பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். நிர்ணயித்த நடைமுறையைப் பின்பற்றாததே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

பத்து ஆண்டுகளுக்கு முன், 2010 மே 22-ல், மங்களூருவில் 158 உயிர்களைப் பறித்த விபத்தும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே துணை விமானி மூன்று முறை சொன்னார். இந்த இரண்டு விபத்திலும் விதி விமானிக்கு எதிராக நிற்கவில்லை. காப்பாற்றக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

'மேலே ஏறிவிடு, திரும்பிப் போய்விடு' என்ற விதி காகிதத்தில் மிகச் சுலபம். காக்பிட்டில் அப்படியில்லை. பின்னால் வீட்டுக்குப் போகத் துடிக்கும் பயணிகள், குறையும் எரிபொருள், மறுநாள் ஓட்ட வேண்டிய விமானம், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற மனசு. பின்னிருக்கையில் பெரிய மனிதர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கலாம். அவருக்காகக் கீழே காத்திருக்கும் மேடையும் மாலையும் போதும்.

2009 செப்டம்பர் 2-ல் மோசமான வானிலையில் பறந்த ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. 2020 ஜனவரி 26-ல் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உட்பட 9 பேர் இறந்தார்கள். கண்ணால் பறந்த ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது. 'மேகத்துக்கு மேல் ஏறுகிறேன்' என்று விமானி தரைக்குச் சொன்னார். சிறிது நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திசையுணர்வு தடுமாற்றம் என்று முடிவுசெய்த அமெரிக்க விசாரணை வாரியம், பயணத்தை முடித்தே ஆக வேண்டும் என்று விமானி தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தையும் குறிப்பிட்டது. குன்னூர் விஷயத்தில் விமானப் படை அப்படி எதையும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போகிறவர்களுக்கு

பிக்கட்டி பக்கம் போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்புவது நல்லது. பகல் ஏற ஏற மேகமும் ஏறும். தனியார் வாகனத்தில் போனால் ஹெட்லைட்டை 'டிம்'மில் வையுங்கள். பிரகாசமாக எரியவிட்டால் பனி அந்த வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால், வெள்ளை உடையில் ஊர்வலம் போகும் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவைச் சில ஊர்களில் பார்க்கலாம். பனிக்குள் வெள்ளை உடை ஊர்வலம் கரைவதும் தெரிவதுமாகப் போகும் காட்சிக்கு ஈடில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மலைக்கு இன்றும் விமான நிலையம் கிடையாது. முக்கியப் பிரமுகர்கள் வந்தால் ஊட்டிக்கு அருகே தீட்டுக்கல் மைதானத்திலோ வெலிங்டனிலோ ஹெலிகாப்டர் இறங்கும். 2024 நவம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நான்கு நாள் பயணமாகத் தமிழ்நாடு வந்தார். அவரும் வெலிங்டன் கல்லூரியில் பேசத்தான் வந்திருந்தார். திட்டப்படி ஊட்டிக்கு ஹெலிகாப்டர். மலையில் மேகமூட்டம். ஹெலிகாப்டர் பயணம் கைவிடப்பட்டது. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்தை, நாட்டின் முதல் குடிமகள் காரில், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முடித்தார். மறுநாள் வெலிங்டனில் அதிகாரிகள் மத்தியில் உரையாற்றினார்.